திரவ சோப்பு திரிந்துவிட்டதா? மலையில் காய்ச்சுபவர்களுக்கு, அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று குன்னூரில் அக்கம்பக்கத்தாரும் மகளிர் குழுக்காரர்களும் என்னிடம் நீட்டும் பாட்டில்களில் நிறைய, கெட்டுப்போனவையே அல்ல. குளிர்ந்து போனவை. மற்றதில் பாதி, குளிர்ந்ததைக் கெட்டதென்று நினைத்து உப்பு, எலுமிச்சைச் சாறு, கஞ்சி என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றிக் கெடுத்தவை. அதனால் கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் முதல் வேலை இதுதான்: ஒரு டம்ளர் மட்டும் தனியே எடுத்து வெந்நீர்ச் சட்டிக்குள் வையுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் பாருங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. மொத்தச் சோப்பில் எதையும் உடனே சேர்க்காதீர்கள்.

இது காஸ்டிக் பொட்டாஷும் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) எண்ணெயும் வைத்துக் காய்ச்சும் சோப்புக்கு. கடையில் விற்கும் எஸ்.எல்.இ.எஸ். என்ற நுரைப் பசையைத் தண்ணீரில் கலந்து செய்வது வேறு சமாச்சாரம். இங்கே சொல்லும் வைத்தியம் பலவும் அதற்குப் பொருந்தாது.

நான் கணக்காக வைத்துக்கொள்ளும் அளவு: தேங்காய் எண்ணெய் 400 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம், 90 சதவீதச் சுத்தமுள்ள காஸ்டிக் பொட்டாஷ் 130 கிராம், தண்ணீர் 390 கிராம். பாக்கெட்டில் 85 சதவீதம் என்று போட்டிருந்தால் பொட்டாஷ் 138 கிராம். எல்லாமே எடைதான், கப், கரண்டி கிடையாது. காய்ச்சி முடித்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக்குறையப் பசை கிடைக்கும். அதே எடைத் தண்ணீரில் கரைத்தால் இரண்டு லிட்டருக்குப் பக்கமாகச் சோப்பு. சுமார் 3 சதவீத எண்ணெய் மிஞ்சும்படி போட்ட கணக்கு இது.

அறிகுறி: பொட்டாஷைக் கரைக்கும்போதே கொதித்துத் தெறிக்கிறது

வெந்நீரில் போட்டிருப்பீர்கள். பொட்டாஷ் கரையும்போது தானாகவே பெருஞ்சூட்டைக் கக்கும். மேலே சொன்ன அளவில், 15 டிகிரித் தண்ணீரே 80 டிகிரி பக்கம் போய்விடும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும், குன்னூரில் ஏறக்குறைய 94. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று வெதுவெதுப்பான தண்ணீரில் ஆரம்பித்தால் கொதிநிலையைத் தொட எவ்வளவு நேரம்? பச்சைத் தண்ணீர்தான் எடுக்க வேண்டும். பொட்டாஷைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பொட்டாஷ் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

பாத்திரம் அலுமினியமா? உடனே அடுப்பை அணையுங்கள், ஜன்னலைத் திறவுங்கள். அலுமினியத்தைப் பொட்டாஷ் தின்னும்; அதில் எழும் வாயு தீப்பற்றக்கூடியது. எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் வாளி மட்டும். குளிருக்கு அடைத்த கதவு ஜன்னலோடு இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

பொட்டாஷ் உடம்பில் பட்டுவிட்டால்: ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவ வேண்டும். டிசம்பரில் ஊட்டிக் குழாய்த் தண்ணீரை இரண்டு நிமிடம்கூடத் தாங்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடுவார்கள். பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பே ஒரு பக்கெட் நிறைய வெதுவெதுப்பான தண்ணீரும் மக்கும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வினிகரோ எலுமிச்சையோ புண்ணில் ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டாலோ வாய்க்குள் போனாலோ வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. கண்ணைக் கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

அறிகுறி: எவ்வளவு கலக்கினாலும் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறது

*எண்ணெய் குளிர்ந்துவிட்டதா?* தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். குன்னூர், கோத்தகிரி சமையலறைகளில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதற்கும் கீழேதான். உருகினால் போதுமென்று இறக்கிவைத்த எண்ணெயில் ஆறிப்போன பொட்டாஷ் நீரை ஊற்றினால், அது சோப்பாக மாறாமலே கெட்டியாகிவிடும். பார்ப்பதற்கு எண்ணெயும் பொட்டாஷ் நீரும் ஒன்றாகிக் கூழ் கூடிவிட்டது போலவே இருக்கும், ஏமாந்துவிடுவோம். ஒரு எவர்சில்வர் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, கரண்டியின் அடி மட்டும் வெந்நீரில் படும்படி பிடியுங்கள். அரை நிமிடத்தில் ஓரத்தில் எண்ணெய் முத்து முத்தாகப் பிரிந்தால் பொய்க் கூழ். பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் நிஜம். பொய்க் கூழுக்குச் சூடுதான் மருந்து: வெந்நீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்து, 70 முதல் 80 டிகிரியில் மறுபடி கலக்குங்கள். மத்தால் கலக்கிக் கை ஓய்வதைவிட ஹேண்ட் பிளெண்டர் நல்லது. எவர்சில்வர் தண்டுள்ளதாக வாங்குங்கள்.

*அடுப்பை அணைத்ததும் ஆறிவிடுகிறதா?* சமவெளியில் பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைத்தால் உள்சூட்டிலேயே வெந்துவிடும். இங்கே ஜனவரியில் அந்த நம்பிக்கை வேண்டாம். சட்டித் தண்ணீரைச் சூடாகவே வைத்துக்கொண்டு, கூழ் இறுகிக் கண்ணாடித்தன்மை வரும்வரை அரைமணிக்கு ஒருமுறை கிளறுங்கள். பதம் வந்த பசை கேழ்வரகுக் களி போலக் கரண்டியோடு சேர்ந்து எழும்.

*பொட்டாஷ் நமத்துவிட்டதா?* இதுதான் மலையில் அதிகம் நடப்பது. காற்றிலுள்ள ஈரத்தைப் பொட்டாஷ் உறிஞ்சும்; காற்றுப்பட்டுப் பட்டு வீரியமும் போகும். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரியில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையும் மழை பிடித்துக்கொள்ளும்போது, பிரித்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் ஒரு வாரத்தில் செதில்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். அப்போது 130 கிராம் என்று நிறுப்பதில் எவ்வளவு பொட்டாஷ், எவ்வளவு தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. "கொஞ்சம் கூடப் போட்டால் சரியாகிவிடும்" என்று கண்மதிப்பில் போவது ஆபத்து. புதுப் பாக்கெட் வாங்குங்கள். வாங்கியதும் அகல வாயுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள்.

*தராசு?* ஒரே பொருளை இரண்டு முறை வைத்து எடுங்கள். எண் மாறினால் பேட்டரியை மாற்றுங்கள். அப்படியும் மாறினால் தராசை மாற்றுவதுதான் வழி. 130 கிராமில் பத்துக் கிராம் பிசகினாலே சோப்பின் குணம் மாறிவிடும்.

அறிகுறி: பசை இறுகி உதிர்கிறது, தண்ணீரில் போட்டால் வெள்ளை ஜெல்லியாகிறது

கடையில் காஸ்டிக் சோடாவைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் வெள்ளைச் செதில்தான், இரண்டுக்கும் பேச்சுவழக்கில் "காஸ்டிக்" என்றுதான் பெயர். சோடா கட்டி சோப்புக்கு, பொட்டாஷ் திரவ சோப்புக்கு. ஜெல்லியானது பெரிய விஷயமில்லை. நம் அளவு எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா 86 கிராம் போதும். நீங்கள் போட்டது 130. மிச்சமெல்லாம் வேலையில்லாமல் தோலைத் தின்னக் காத்திருக்கும். இதைக் காப்பாற்ற முயலாதீர்கள். கையுறை போட்டு, நிறையத் தண்ணீரில் கரைத்து, வீட்டு வடிகாலில் விடுங்கள். ஓடையிலோ தோட்டத்திலோ கொட்ட வேண்டாம்.

அறிகுறி: கரைத்ததும் கலங்கலாக, பால் நிறமாக இருக்கிறது

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான். காரணங்கள் ஐந்தாறு இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

*சூடாக்கினால் தெளிகிறதா?* தெளிந்தால் வெறும் குளிர்தான். சோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கைகழுவினால் அதே நுரை வரும். அடுத்த தடவை விளக்கெண்ணெயை 50 கிராம் கூட்டித் தேங்காய் எண்ணெயை 50 கிராம் குறைத்துப் பாருங்கள் (பொட்டாஷ் கணக்கும் மாறும்: 90 சதவீதச் சரக்கு என்றால் 126 கிராம்). பாமாயில் கலந்திருந்தால் மலைக் குளிரில் கலங்காமல் இருக்காது, அதை விட்டுவிடுங்கள்.

*சூடாக்கினாலும் தெளியவில்லை.* இப்போது பசையைச் சோதியுங்கள். 30 கிராம் பசையை 60 மில்லி கொதித்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு கண்ணாடி டம்ளரில் கரையுங்கள். டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். எழுத்து படிக்க முடிந்தால் பசையில் குற்றமில்லை, கரைத்த தண்ணீரில்தான். முடியவில்லையென்றால் பசை இன்னும் வேகவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் வெந்நீர்ச் சட்டியில் வைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். இரண்டு மூன்று தடவை வேகவைத்தும் அதே கலங்கல் என்றால் எண்ணெய் கூடிவிட்டது, அல்லது பொட்டாஷ் நமத்தது.

*எண்ணெய் கூடியிருந்தால்* ஒன்றும் செய்யாமல் இருப்பதே நல்ல வைத்தியம். கரைத்த சோப்பை உயரமான பாட்டிலில் ஊற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் ஆடாமல் அசையாமல் வையுங்கள். மிஞ்சிய எண்ணெய் வெண்ணிறப் படலமாக மேலே ஏறி நிற்கும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டுக் கீழே இருப்பதைப் பயன்படுத்தலாம். அந்தப் படலமும் வீணில்லை, பாத்திரம் தேய்க்க உதவும்.

*தண்ணீரா?* ஒரே பசையை ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரிலும் ஒரு டம்ளர் வீட்டுத் தண்ணீரிலும் பக்கத்தில் பக்கத்தில் கரைத்துப் பாருங்கள். வீட்டுத் தண்ணீரில் மட்டும் தயிர்த்துகள் போல வெள்ளை மிதந்தால் உப்புத் தண்ணீர். அணையிலிருந்து வரும் நகராட்சித் தண்ணீரில், குன்னூரில் ரேலியா, ஊட்டியில் பார்சன்ஸ் வேலி என்று எதுவானாலும், இந்தத் தொந்தரவு பெரும்பாலும் வராது. போர்வெல்லிலும் லாரித் தண்ணீரிலும் வரும். காய்ச்சி ஆறவைத்தால் பாதிதான் சரியாகும். மழைத்தண்ணீரை வடிகட்டிப் பயன்படுத்துங்கள். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. கிணறு, போர்வெல் தண்ணீரையே நம்பிக் குழுவாகச் செய்கிறீர்கள் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் ஒருமுறை கொடுத்துக் கடினத்தன்மையைப் பார்த்துவிடுங்கள்.

*தைலம் ஊற்றிய பிறகா கலங்கியது?* நீலகிரித் தைலம் லிட்டருக்கு 5 மில்லி போதும். 10 மில்லியைத் தாண்டினால் கலங்கும், சோப்பும் நீர்த்துவிடும். கரைத்த சோப்பில் ஊற்றுவதைவிட, கைச்சூட்டுக்கு ஆறிய பசையிலேயே பிசைந்துவிட்டுப் பிறகு கரைத்தால் நன்றாகக் கலக்கும். தைலம் கலப்படமாகவும் இருக்கலாம். சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் கடைகளில் எதை வாங்கினாலும் முதலில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். நல்ல தைலம் சுவடில்லாமல் ஆவியாகிவிடும். காலையில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும் சோப்பில் தைலமே சேர்க்காதீர்கள்.

*எலுமிச்சை, வினிகர் ஊற்றினீர்களா?* அப்படியென்றால் சோப்பு உடைந்துவிட்டது. புளிப்புப் பட்டால் சோப்பு மறுபடி கொழுப்பாகத் திரும்பும். மேலே மிதப்பது அதுதான். அதிகம் ஊற்றியிருந்தால் திருப்ப முடியாது.

அறிகுறி: கை எரிகிறது, தோல் காய்ந்து உரிகிறது

உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அப்புறம்தான் ஆராய்ச்சி.

காரம் எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் பி.எச். காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் சோப்பைப் பத்து ஸ்பூன் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து நனைத்துப் பாருங்கள். 9-லிருந்து 10.5 வரை சோப்புக்கு இயல்பு. கடையில் வாங்கும் கட்டி சோப்பும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கும். 11-ஐத் தாண்டினால் பொட்டாஷ் மிஞ்சியிருக்கிறது. மஞ்சள்தூளை வைத்துப் பார்க்கலாம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். நல்ல சோப்பும் மஞ்சளைச் சிவப்பாக்கும், கெட்ட சோப்பும் சிவப்பாக்கும். நாக்கில் தொட்டுப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

10.5-க்குள் இருந்தும் எரிந்தால், தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள சோப்பு சிலர் தோலை வறட்டும் என்பதுதான் காரணமாக இருக்கும். குளிர்காலத்தில் ஏற்கெனவே வெடித்த கைக்கு இன்னும் மோசம். எண்ணெய் அளவை மாற்றுங்கள்: தேங்காய் எண்ணெய் 250, நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 100 என்று போட்டால் பொட்டாஷ் (90 சதவீதம்) 119 கிராம். நுரை குறையும், கை பிழைக்கும்.

11-ஐத் தாண்டினால், இரண்டு வழி. பசையாகவே இருந்தால் கிலோவுக்கு 15 கிராம் தேங்காய் எண்ணெய் சேர்த்து ஒரு மணி நேரம் வேகவைத்து மறுபடி சோதியுங்கள். கரைத்துவிட்டிருந்தால் சிட்ரிக் அமிலம்: 20 கிராமை 80 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான சோப்பில் லிட்டருக்கு 5 மில்லியாக விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் பொறுத்து அளந்து பாருங்கள். ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் 0.88 கிராம் பொட்டாஷை அடக்கும். கலங்க ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். பி.எச். 7-க்கு இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அங்கே சோப்பே இருக்காது.

எவ்வளவு பொட்டாஷ் போட்டோம் என்றே தெரியாத நிலை, அல்லது இரண்டு தடவை திருத்தியும் 11-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் வீட்டில் மல்லுக்கட்டாதீர்கள். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால், சோப்பாகாமல் மிஞ்சிய காரம் எவ்வளவு என்று டைட்ரேஷன் (அமிலம் விட்டு அளக்கும் சோதனை) செய்து சொல்வார். இல்லையென்றால் கொட்டிவிடுவதுதான் மலிவு. சோப்பை நிறுத்தி ஒரு வாரமாகியும் தோல் ஆறவில்லை, கொப்புளம் வருகிறது என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

அறிகுறி: தண்ணியாக ஓடுகிறது

தேங்காய் எண்ணெய் சோப்பு இயல்பிலேயே தண்ணிதான். உப்புப் போட்டால் கெட்டியாகும் என்று எல்லோரும் சொல்வது எஸ்.எல்.இ.எஸ். சோப்புக்கும், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் அதிகமுள்ள சோப்புக்கும் சரி. தேங்காய் எண்ணெய் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் உப்பு ஒன்றும் செய்யாது; கூடப் போனால் சோப்பைப் பிரித்துவிடும். கல் உப்பு போட்டால் கலங்கலும் சேர்ந்துகொள்ளும். முயற்சி செய்தே ஆகவேண்டுமென்றால் 100 மில்லியைத் தனியே எடுத்து, தூளுப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். ஓரளவு கெட்டியாகி, அதைத் தாண்டினால் திடீரென்று மறுபடி நீர்த்துவிடும்.

கஞ்சி, மைதா, வெண்டைக்காய்ச் சாறு எதுவும் வேண்டாம். அடுத்த வாரமே நாறும். நுரை பம்ப் பாட்டிலில் ஊற்றிவிட்டால் தண்ணியாக இருப்பதே வசதி.

அறிகுறி: மேலே ஆடை படிகிறது, உள்ளே கட்டி கட்டியாக நிற்கிறது

தண்ணீர் போதவில்லை. கிலோவுக்கு 50 கிராம் வெந்நீர் சேர்த்து, மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஆடை மறுபடி வந்தால் இன்னொரு 50. மிக்ஸியில் போட்டு அடிக்காதீர்கள், நுரை அடங்க ஒரு நாள் பிடிக்கும்.

அறிகுறி: நாற்றம், பூஞ்சை, கருப்புப் புள்ளி

"என்ன சேர்த்தீர்கள்?" என்று கேட்பேன். கற்றாழை, பூந்திக்கொட்டைத் தண்ணீர், வேப்பிலைச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம் என்று ஏதோ ஒரு பதில் வரும். வெறும் எண்ணெயும் பொட்டாஷும் மட்டுமுள்ள, ரொம்ப நீர்த்துப்போகாத சோப்பில் கிருமி எளிதில் வளராது. பச்சிலைச் சாறு சேர்ந்தால் அதைச் சாப்பிட வருவது வந்தே தீரும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். பூஞ்சை தெரிந்தால் வடிகட்டிப் பயனில்லை, கொட்டிவிடுங்கள். கஷாயம் சேர்த்தே ஆகவேண்டுமென்றால் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் கரைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் சேர்க்கவில்லை, பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை மட்டும் அடிக்கிறது என்றால் எண்ணெய் பழசு. சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் சிக்கடிக்கும், தேங்காய் எண்ணெய் தாங்கும். அந்தச் சோப்பைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

மொத்தத்தையும் கரைத்து வைக்காமல் பசையாகவே டப்பாவில் அடைத்து வைப்பதுதான் மலையில் சரி. மாதக்கணக்கில் இருக்கும், இடமும் குறைவு. பாட்டில் விஷயத்தில் இன்னொன்று: தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் பழைய பாட்டில் பொறுக்கிச் சேர்க்கும் வழியில்லை, கெட்டிப் பிளாஸ்டிக் கேனோ கண்ணாடி பாட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் கழுவி, நவம்பரில் வெயிலை எதிர்பார்க்காமல் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் கவிழ்த்துக் காயவையுங்கள். ஈரம் மிச்சமிருந்த பாட்டிலில்தான் முதல் கருப்புப் புள்ளி வரும்.

அறிகுறி: பாட்டில் உப்பிக்கொண்டது, அல்லது உள்ளே ஒடுங்கிவிட்டது

பயணம் போய் வந்த பாட்டிலா? மேட்டுப்பாளையத்தில் நிரப்பி இறுக மூடிய பாட்டில் ஊட்டி வந்து சேரும்போது உப்பியிருக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே மூடியது கீழே போனால் ஒடுங்கும். இரண்டுக்கும் சோப்பு காரணமில்லை. மூடியை ஒருமுறை தளர்த்தி மறுபடி இறுக்கினால் போதும். சூடாக ஊற்றி மூடினாலும் ஒடுங்கும், ஆறவைத்து ஊற்றுங்கள். பஸ்ஸில் அனுப்புவதென்றால் பத்தில் ஒரு பங்கு காலி விட்டு, உள்மூடி உள்ள பாட்டிலாகப் பார்த்து, நிமிர்த்தி அடுக்குங்கள். பம்ப் மூடியோடு அனுப்பாதீர்கள், கல்லாறு தாண்டி மேலேறும்போதே கசிய ஆரம்பிக்கும். பம்ப்பைத் தனியே போட்டு அனுப்புங்கள்.

எங்கேயும் போகாமல் அலமாரியிலேயே உப்பியிருந்து, திறந்தால் புளித்த வாடையும் வந்தால் உள்ளே ஏதோ நொதிக்கிறது. அது முந்தின அறிகுறி, கொட்ட வேண்டியதுதான்.

அனுப்புவது விற்பனைக்கு என்றால் பாட்டிலுக்கு முன்னால் உரிமத்தைக் கவனியுங்கள். உடம்பில் தேய்க்கும் சோப்பு அழகுசாதனப் பொருளாகக் கணக்காகும், தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் எங்கே தொடங்குவது என்று சொல்வார்கள்.